66 அடியில் ஒரு சத்தியம்

வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. தண்ணீர் 66 அடியைத் தொட்டதும் முதல் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை விடுகிறார்கள்; 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி தொடங்கி ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களின் கரையோர ஊர்களுக்கு அது போய்ச் சேருகிறது. 65.9 அடித் தண்ணீருக்கும் 66 அடித் தண்ணீருக்கும் இயற்கையில் எந்த வேறுபாடும் இல்லை. கோடு மனிதன் போட்டது. மனிதன் போட்ட கோடு மனிதனையே கட்டுப்படுத்துமா என்பது பழைய தத்துவக் கேள்வி. கட்டுப்படுத்தும் என்பதே என் கட்சி. அமைதியான ஒரு நாளில் போட்ட கோடு என்பதால்தான் அதற்கு அந்த அதிகாரம் வருகிறது.

ஆலைத் தொட்டிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மட்டம் அளக்கும் கருவியை நிறுவுபவரின் வேலையைக் கவனித்தால் இது விளங்கும். மட்டத்தை அளப்பது கருவி; எந்த மட்டத்தில் ரிலே என்ற மின்விசை விழுந்து அலாரம் ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்வது ஆள். ஒலிக்கும் புள்ளியும் அடங்கும் புள்ளியும் ஒன்றாக இருந்தால், காற்றில் எழும் சிற்றலைக்கெல்லாம் ரிலே துடித்துக்கொண்டே இருக்கும். கேட்பவர் சலித்துப்போய்க் காதை மூடிக்கொள்வார். அதனால் அடங்கும் புள்ளியைச் சற்றுக் கீழே வைக்கிறார்கள். ஆபத்து தீர்ந்தது என்று சொல்ல, ஆபத்து வந்தது என்று சொல்வதைவிடக் கூடுதல் சான்று வேண்டும் என்பது அதன் பொருள். கருவி நலமாக இருக்கும்போது ரிலேயில் மின்சாரம் ஓடும்படியும், மின்சாரம் போனால் அலாரம் ஒலிக்கும்படியும் இணைக்கிறார்கள். கருவி செத்துப்போன மௌனத்தை நலம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இந்த முடிவுகளில் ஒன்றுகூட ஆபத்து நேரத்தில் எடுக்கப்படுவதில்லை.

தேனி அருகே வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குத் தீச்சட்டி நேர்ந்துகொண்டவர், வெயில் ஏறியதும் அந்த நேர்ச்சையை மறுபரிசீலனை செய்வதில்லை. உடல் தளர்ந்த நேரத்தில் மனம் ஆயிரம் நியாயம் சொல்லும். அந்த நியாயங்களுக்கு முன்பே வாயடைப்பதற்குத்தான் விரதம். அணையின் எச்சரிக்கை மட்டமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. மழை கொட்டும் இரவில், இன்னும் ஓர் அடி தேங்கினால் அடுத்த போகத்துக்கு ஆகுமே என்ற ஆசையும், அறிவித்து ஒன்றும் நடக்காவிட்டால் ஏசுவார்களே என்ற அச்சமும் சேர்ந்து தீர்ப்பை வளைக்கும். வளையாத நேரத்தில் சொன்ன சொல்லை வளையும் நேரத்தில் காப்பதுதான் அறம்.

நிலைமை மாறினால் பழைய எண்ணைப் பிடித்துத் தொங்குவது மூடத்தனம் ஆகாதா என்று கேட்கலாம். கம்பம் பள்ளத்தாக்கு இந்தக் கேள்வியோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. 1895-இல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் 152 அடி வரை தேக்கலாம் என்று இருந்தது. பாதுகாப்பு குறித்த அச்சத்தால் 1979-இல் அது 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னது. 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. ஒரே எண்ணில், அணைக்குக் கீழே கேரளத்தில் வாழும் வண்டிப்பெரியாற்றுக்காரர் தம் உயிரைப் பார்க்கிறார். அந்தத் தண்ணீரை நம்பியிருக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூர் விவசாயி தம் நாற்றங்காலைப் பார்க்கிறார். இரண்டு அச்சமும் உண்மையானவை. எண் மாறலாம் என்பதை இந்த வரலாறு ஒப்புக்கொள்கிறது. ஆனால் மாற்றம் வல்லுநர் ஆய்வோடும் எதிர்வாதத்தோடும் பகல் வெளிச்சத்தில் நடந்தது. ஏறும் தண்ணீரின் முன்னால் தனியொருவர் கணித்ததாக இல்லை. திருத்தப்படக்கூடிய சொல்லும் திருத்தப்படும் வரை சொல்தான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. முடிவை முன்கூட்டியே எழுதி ரிலேயிடம் ஒப்படைத்துவிட்டால், பொறுப்பும் அதோடு போய்விடுகிறதே என்பது அது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மலையுச்சியில் இருந்த டாம் சாக் மேல்நீர்த்தேக்கம் இதற்குச் சான்றாகத் தோன்றும். 2005 டிசம்பர் 14 அதிகாலையில், பிடிப்பு விட்டு நகர்ந்திருந்த மட்டமானிகள் உண்மை மட்டத்தைக் குறைத்துக் காட்டின. தண்ணீரை மேலேற்றும் பம்புகள் ஓடிக்கொண்டே இருந்தன. கடைசிக் காவலாக வைத்திருந்த அலாரம் முனைகளோ, சுற்றுச்சுவரின் மிகத் தாழ்ந்த இடத்தைவிட உயரத்தில் இருந்தன. தண்ணீர் அவற்றைத் தொடுவதற்கு முன்பே சுவரைத் தாண்டிவிட்டது. கரை உடைந்து நூறு கோடி கேலனுக்கு மேல் மலையிறங்கியது. மட்டமானிகள் நகர்ந்தது பல வாரங்களுக்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரியும். அங்கே ரிலே யாருடைய பொறுப்பையும் எடுத்துக்கொள்ளவில்லை. பொறுப்பு முனைகளை அந்த உயரத்தில் வைத்த நாளிலும், பழுதை அறிந்தும் நீர்த்தேக்கத்தை இயக்கிய ஒவ்வொரு நாளிலும் இருந்தது. ஆகவே எச்சரிக்கை மட்டத்தை மாற்றுபவர் தம் பெயரையும் நாளையும் காரணத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும், கரையோர ஊர்கள் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வழி இருக்க வேண்டும். வீரபாண்டியில் விரதத்துக்குக் காப்புக் கட்டுவதும் ஊரறியத்தான் நடக்கிறது.