மறுவாழ்வும் மறுமையும்

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு என்றோர் ஊர் உண்டு. மஞ்சனீசுவரர் ஐயனார் கோயிலால் பலரும் அறிந்த ஊர் அது. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது. 1983 முதல் அலையலையாகக் கடல் கடந்து வந்தோருக்கெனத் தமிழகத்தில் அமைந்த முகாம்களுள் அதுவும் ஒன்று. நெடுங்காலம் அகதிகள் முகாம் என்று வழங்கிய இவற்றுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் சூட்டியது.

மறுவாழ்வு என்னும் அச்சொல்லை, மதரஸாவில் அகீதா பாடம் நடத்திப் பழகிய என் போன்றோரால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை. நாம் மறுமை என்கிறோம். கிறித்தவர்கள் உயிர்ப்பு என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? ஒன்றில்லை என்றால், எதுவரை ஒன்று, எங்கே பிரிகிறது? நூல்களில் பலமுறை படித்த இந்த வினாவை, ஒரு மழை நாளில் எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் என்முன் வைத்தார். அன்று நான் சொன்ன விடை மிகச் சிறியது. சொல்லாமல் விட்டதை இங்கே எழுத முனைகிறேன்.

என் பழைய மாணவர் ஒருவர் மரக்காணம் உப்பளத்தில் கணக்கு எழுதுபவர், கீழ்புத்துப்பட்டில் குடியிருப்பவர். நோயுற்றிருந்த அவருடைய தந்தையாரை நலம் விசாரித்துவிட்டு, பேருந்துக்காக நிழற்குடையில் ஒதுங்கி நின்றேன். அன்று நவம்பர் 2. வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருந்தது. அங்கே அமர்ந்திருந்த அந்த அம்மையாருக்கு எழுபது வயதிருக்கலாம். மடியில் பிரிக்கப்படாத மெழுகுதிரிக் கட்டு ஒன்று இருந்தது. என் தொப்பியையும் தாடியையும் பார்த்துவிட்டு அவரே பேச்சைத் தொடங்கினார்.

"இண்டைக்குக் கல்லறைத் திருநாள், மௌலவி ஐயா. எல்லாரும் தங்கட ஆக்களின்ட கல்லறையில திரி கொளுத்துவினம். என்ட மகனுக்குக் கல்லறை இல்லை. நான் எங்க கொண்டுபோய்க் கொளுத்திறது?"

அவர் மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர். மகன் ஊரைப் பார்த்து வருவதாகச் சொல்லித் திரும்பிச் சென்றவன். 2009இல் போர் முடிந்தபோது காணாமற்போனவர்களுள் ஒருவனாகிவிட்டான். உடல் கிடைக்கவில்லை. இறந்தான் என்று சொல்வாருமில்லை, இருக்கிறான் என்று சொல்வாருமில்லை.

"உங்கட வேதத்திலயும் செத்தவை எழும்புவினம் எண்டு இருக்குத்தானே? கல்லறை இல்லாதவனும் எழும்புவானோ?" என்று கேட்டார்.

"எழும்புவார் அம்மா" என்றேன்.

சற்று நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவனை இல்லாமலாக்கினவங்களும் எழும்புவாங்களோ?" என்றார்.

"அவர்களும் எழும்புவார்கள்" என்றேன். அதற்குள் பேருந்து வந்துவிட்டது.

இரண்டு கேள்விகள். இரண்டிற்கும் ஒரே சொல்லால் விடை சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் முதற் கேள்விக்கு ஆறுதலாக அமையும் சொல், இரண்டாவது கேள்விக்கு அச்சமாக அமைகிறது. மறுமை நம்பிக்கையின் முழுப் பொருளும் இந்த இரண்டிற்கும் இடையில்தான் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். மண்ணறைகளிலிருந்து எழுப்பப்படும் மக்கள், தங்களை எழுப்பியவர் யார் என்று திகைத்துக் கேட்பதாக யாஸீன் சூராவில் காண்கிறோம். அங்கே மண்ணறையைக் குறிக்க வந்துள்ள சொல் 'மர்கத்'. உறங்குமிடம் என்பது அதன் பொருள். வெள்ளிதோறும் நாம் ஓதும் கஹ்ஃபு சூராவில், குகையிலே உறங்கிய இளைஞர்களைக் குறிக்க வந்துள்ள 'ருகூத்' என்னும் சொல்லும் இதே வேரில் கிளைத்தது. ஆதிக் கிறித்தவர்களும் தம் இடுகாட்டைத் துயிலிடம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால்தான் அழைத்தனர்; இன்று செமிட்டரி என வழங்குவது அதன் வழிவந்ததே. தமிழிலோ துஞ்சுதல் என்ற ஒரே சொல் உறக்கத்தையும் இறப்பையும் குறிக்கும். வள்ளுவரும் சாக்காட்டை உறக்கத்திற்கும் பிறப்பை விழிப்பிற்கும் ஒப்பிட்டார். உறங்குவோரை எழுப்புவது எழுப்பவல்லவனுக்கு அரிய செயலன்று என்ற எண்ணம், மொழிகளின் அடியிலேயே கிடக்கிறது.

அந்தக் குகைத்தோழர்கள் யார்? அவர்கள் ஈஸா (அலை) அவர்களின் மார்க்கத்தைப் பின்பற்றியவர்கள் என்று விரிவுரையாளர்கள் பலர் எழுதியுள்ளனர். கிறித்தவர்களும் இவ்வரலாற்றை அறிவார்கள். எபேசு நகரத்து எழுவர் என்பது அவர்கள் வழக்கு. டீசியஸ் மன்னனின் கொடுமைக்கு அஞ்சிக் குகை புகுந்தோர், ஐந்தாம் நூற்றாண்டில் இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில் விழித்தனர் என்பர். 521இல் மறைந்த சிரியாக் மொழிப் புலவர் யாக்கோபு இதைப் பாடியிருக்கிறார். உடலோடு எழுவது உண்டா என்று அக்காலக் கிறித்தவரிடையே ஐயம் கிளம்பியிருந்ததாகவும், அதைத் தீர்க்கவே இறைவன் அவர்களை எழுப்பினான் என்றும் அவர்கள் மரபு கூறுகிறது. திருமறையும், அல்லாஹ்வின் வாக்குறுதி மெய்யானது, இறுதி வேளையில் ஐயமில்லை என்று மக்கள் உணரவே அவர்கள் வெளிப்படுத்தப்பட்டனர் என்கிறது. ஊர் எது, தொகை எத்தனை என்ற விவரங்களில் ஈடுபடாமல், எதற்காக என்பதை மட்டும் திருமறை அழுத்திச் சொல்கிறது. கிறித்தவ இளைஞர்களின் உயிர்ப்பு நம்பிக்கையை நாம் வாரந்தோறும் நம் பள்ளிவாசலில் ஓதிக்கொண்டிருக்கிறோம் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

ஆனால் அந்த இளைஞர்களின் உடல் குகையில் இருந்தது. உடலே இல்லாதவன் நிலை என்ன? இதற்கும் விடையுண்டு. முன்னொரு காலத்தில் பாவங்களில் மூழ்கிய ஒருவர், தாம் இறந்தபின் தம்மை எரித்துச் சாம்பலாக்கிப் பாதியை நிலத்திலும் பாதியைக் கடலிலும் தூவிவிடுமாறு தம் மக்களிடம் சொல்லி இறந்தார். அல்லாஹ் நிலத்தையும் கடலையும் ஏவி அவரை ஒன்றுசேர்த்து, ஏன் இப்படிச் செய்தாய் என வினவினான். உன் அச்சத்தால் என்றார் அவர். மன்னிப்புப் பெற்றார். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான இந்த நபிமொழியை 2020இல் இலங்கை முஸ்லிம்கள் கண்ணீரோடு நினைவுகூர்ந்திருப்பர். கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் எரித்தே ஆகவேண்டும் என்று 2020 ஏப்ரலில் அங்கே விதி செய்யப்பட்டது. 2021 பிப்ரவரி இறுதியில்தான் அடக்கத்திற்கு அனுமதி கிடைத்தது. மார்ச் முதல் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அடக்கும் உரிமை பறிக்கப்பட்டது கொடிய அநீதி. ஆயினும் அந்த அநீதியால் இறைவனின் கை கட்டப்படவில்லை. நிலமும் கடலும் அவனுக்குக் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவை. 2004 டிசம்பர் 26 அன்று இதே கடற்கரையில் ஆழிப்பேரலை கொண்டுபோனவர்களுக்கும், மன்னார்த் தாயின் மகனுக்கும் இதுவே விடை. கல்லறை நமக்குத்தான் தேவை, அவனுக்குத் தேவையில்லை.

இனி நாம் பிரியுமிடத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கிறித்தவரின் நம்பிக்கை ஒரு ஞாயிறு வைகறையில் வெறுமையாகக் கிடந்த கல்லறையைப் பற்றி நிற்கிறது. இயேசு சிலுவையில் இறந்து மூன்றாம் நாள் எழுந்தார். அவர் எழுந்ததால் நாமும் எழுவோம் என்பது அவர்கள் கோட்பாடு. அவர் எழவில்லையாயின் தம் விசுவாசமே வீண் என்று அவர்களுடைய பவுல் வெளிப்படையாக எழுதினார். நாமோ, ஈஸா (அலை) கொல்லப்படவில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை, அல்லாஹ் அவரைத் தன்பால் உயர்த்திக்கொண்டான், அவர் மீண்டும் வருவார் என நம்புகிறோம். நம் மறுமை நம்பிக்கை அவனுடைய வாக்குறுதியையும் ஆற்றலையும் மட்டுமே சார்ந்தது. தொட்டிலில் பேசிய ஈஸாவும் தாம் உயிரோடு எழுப்பப்படும் நாளைக் குறிப்பிட்டதாக மர்யம் சூராவில் காண்கிறோம். இந்த வேறுபாடு சிறியதன்று. அதைச் சிறிதாக்கிக் காட்டுவது அவர்களுக்கும் மரியாதையாகாது, நமக்கும் நேர்மையாகாது.

ஆனால் ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகள் மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டை மட்டுமே கற்பித்தேன். சிலுவையை மறுக்கும் சான்றுகளை வரிசையாக மனப்பாடம் செய்யவைத்தேன். எழுவோம் என்று நம்பும் மனிதன் எப்படி வாழவேண்டும் என்ற கேள்வியைத் தேர்வில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. 2019 ஏப்ரல் 21 அன்றுதான் அந்தக் குறை என்னை உறுத்தியது.

அன்று உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியப் புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகியவற்றிலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250 பேருக்கு மேல் மாண்டனர், குழந்தைகள் பலர். உயிர்ப்பைக் கொண்டாடக் கூடியிருந்தவர்களைக் கொன்றவர்கள், மறுமையை நம்புவதாகச் சொல்லிக்கொண்டவர்கள். நம் பெயர்களைத் தாங்கியவர்கள். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அந்தக் கொலையாளிகளின் உடல்களை ஏற்கமாட்டோம் என்று அறிவித்தது. கொழும்பு பேராயர் கர்தினால் மெல்கம் ரஞ்சித், பழிவாங்கலில் இறங்கவேண்டாம் என்று தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். இவ்விரண்டும் நினைவிற் கொள்ளத்தக்கவை.

மறுமை நம்பிக்கை மிகுந்ததால் அவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் உடன்படவில்லை. நாள்தோறும் பதினேழு முறையேனும் நாம் ஓதும் ஃபாத்திஹாவில், தீர்ப்பு நாளின் அதிபதி என்று அல்லாஹ்வைப் போற்றுகிறோம். அந்த நாளுக்கு அதிபதி ஒருவனே என்றால், இன்னார் வாழத்தக்கவர், இன்னார் மாளத்தக்கவர் என்று தீர்ப்பெழுதித் தானே நிறைவேற்றுபவன், அவனுடைய ஆசனத்தில் அமரத் துணிந்தவன் ஆகிறான். அத்தகையவன் மறுமையை மிகுதியாக நம்பவில்லை, நம்பவே இல்லை. நாளை ஒரு நீதிபதி வருவான் என்று உறுதியாக அறிந்தவனுக்கு இன்றே அவசரப்படத் தேவையில்லை. மறுமை நாளில் மனிதர்களுக்கிடையே முதன்முதலில் தீர்க்கப்படும் வழக்கு இரத்தத்தைப் பற்றியது என்று நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்திருக்கிறார்கள். யூதர் ஒருவரின் பிரேதம் கடந்துபோனபோது எழுந்து நின்று, அதுவும் ஓர் ஆன்மாவன்றோ என்று கேட்டவர்களும் அவர்களே. எழுப்பப்படவிருக்கும் உடல் எவருடையதாயினும், அதைச் சிதைக்க எவருக்கும் அதிகாரமில்லை.

அந்தத் தாயின் இரண்டாவது கேள்விக்கு விடை இதுவே. அவருடைய மகனை இல்லாமலாக்கியவர்களும் எழுவார்கள், கணக்குச் சொல்வதற்காக. பறிக்கப்பட்ட உரிமை உரியவனிடம் சேரும்வரை அந்த வழக்கு மூடப்படாது. அடியார்களின் உரிமை விஷயத்தில் நம் ஆலிம்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றனர். மன்னிப்பதும் மன்னிக்காததும் உரிமை இழந்தவனின் கையில் இருக்கிறது. அவனுக்காக வேறொருவர் மன்னித்துவிட முடியாது. கிறித்தவப் போதனையோ பகைவனையும் மன்னிக்கச் சொல்கிறது. ஆனாலும் பழிவாங்குதலை இறைவனிடம் ஒப்படைத்துவிடு என்பதில் அவர்களும் நாமும் ஒன்றாகவே நிற்கிறோம். நீதி எழும் என்று நம்புகிறவனால்தான் கையிலிருக்கும் கல்லைக் கீழே போடமுடியும்.

1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வீடுவாசலை இழந்து விரட்டப்பட்டனர். மன்னார் முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். அந்த மண்ணில் நாமும் இழந்தோம், அவர்களும் இழந்தார்கள். யார் இழப்பு பெரிது என்று நிறுத்துப் பார்க்கத் தராசு நம்மிடம் இல்லை. மீஸான் அவனிடம் இருக்கிறது.

அப்படியானால் நம் பங்கு என்ன? மறுமை நாளில் அல்லாஹ், நான் நோயுற்றேன் நீ நலம் விசாரிக்க வரவில்லை, பசித்தேன் உணவளிக்கவில்லை, தாகித்தேன் நீர் தரவில்லை என்று ஆதமின் மகனிடம் கேட்பதாக முஸ்லிமில் ஒரு ஹதீஸ் குத்ஸி உண்டு. மத்தேயு சுவிசேஷத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்திலும், இறுதித் தீர்ப்பில் கேட்கப்படும் கேள்விகள் இவற்றைப் போன்றே அமைந்துள்ளன. அங்கே இன்னொன்றும் சேர்கிறது: அந்நியனாக வந்தவனைச் சேர்த்துக்கொண்டாயா என்பது. எழுவதைப் பற்றி இரு சமூகத்தாரும் வேறுபட்டுப் பேசினாலும், எழுந்தபின் கேட்கப்படப்போவதில் இத்தனை ஒற்றுமை இருக்கிறது.

அன்று நான் நோயாளியை நலம் விசாரித்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். கடமையை முடித்துவிட்டோம் என்ற நிறைவோடு நின்றேன். அந்நியராக வந்த ஒரு தாய், திரி ஏற்ற இடமின்றி அருகில் அமர்ந்திருந்தார். பேருந்து வந்ததும் ஏறிவிட்டேன். இன்னும் சிறிது நேரம் அவரோடு அமர்ந்திருக்கலாம். மகன் பெயரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதுவும் என் ஏட்டில் எழுதப்பட்டிருக்கும்.

சன்னல் வழியே பார்த்தபோது, அவர் அந்தக் கட்டைப் பிரித்து, நிழற்குடையின் திண்ணையில் ஒரு திரியை நிறுத்தி, காற்றுக்குக் கை மறைத்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

நிலத்திலும் கடலிலும் சிதறிக் கிடப்போரை ஒன்றுசேர்க்கும் நாளின் அதிபதியே! காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார்களுக்கு அமைதியைத் தருவாயாக. எவருடைய இரத்தத்திற்கும் பதில் சொல்லும் நிலையில் எங்களை உன்முன் நிறுத்தாதிருப்பாயாக. ஆமீன்.