அடங்கிய உயிர்ப்பும் அகலாத உயிரும்

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, மூளைக்கும் கைகளுக்கும் கிளைகள் பிரியும் வளைவுப் பகுதியில் வீங்கியோ கிழிந்தோ போகும்போது, அப்பகுதியை அகற்றிச் செயற்கைக் குழாய் பொருத்துவதற்காகக் குருதியோட்டத்தையே சிறிது நேரம் நிறுத்த நேர்கிறது. இயல்பான உடல் வெப்பத்தில் ஓட்டம் நின்றால் சில நிமிடங்களிலேயே மூளை கெடும் என்பதால், இதய-நுரையீரல் இயந்திரத்தின் வழியே குருதியைக் குளிர்வித்து, உடல் வெப்பத்தை 20 பாகை செல்சியஸுக்கும் கீழே இறக்கும் ஆழ்குளிர்வு முறை, 1975இல் ராண்டல் கிரீப்பும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் பரவலாயிற்று. வெப்பம் குறையக் குறைய வளர்சிதை மாற்றம், அதாவது உயிரணுக்கள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை ஆக்கும் வினை, தணிந்துவிடுவதால், மூளை, தண்டுவடம், சிறுநீரகம் முதலிய உறுப்புகள் ஏறத்தாழ அரை மணி நேரம் குருதியின்றித் தாங்குகின்றன.

அந்நேரத்தில் மூச்சில்லை, நாடியில்லை, மூளையின் மின்னலைகளும் அடங்கிவிடுகின்றன. ஆயினும் அவ்வுடலை எவரும் பிணம் என்பதில்லை. மூளைச்சாவின் இலக்கணத்தை 1968இல் வகுத்த ஹார்வர்டு குழுவும், உடல் வெப்பம் 32.2 பாகைக்குக் கீழிருந்தால் அவ்விலக்கணம் பொருந்தாது என்று விலக்கியே வைத்தது. அப்படியானால், செயல்கள் யாவும் ஓய்ந்த உடலில் உயிர் என்று எஞ்சி நிற்பது எது என்னும் வினா எழுகிறது.

அரிஸ்டாட்டில், அறிவைப் பெற்றிருத்தலும் அதைப் பயன்படுத்துதலும் வேறு என்று பிரித்துக் காட்டி, உறங்குபவனிடமும் உயிர் இருப்பதால், உயிர் என்பது செயலன்று, செயல்படுவதற்குரிய நிலைபேறே என்றார். சைவ சித்தாந்தம் இவ்வினாவை மேலும் நுணுகி ஆராய்ந்து, நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என ஐந்து அவத்தைகளை, அதாவது உயிர் எய்தும் நிலைகளை, வகுத்தது. இவற்றுள் இறுதியானதில் மூச்சாகிய பிராணனும் நீங்க, உயிர் மட்டும் மூலாதாரத்தில், அதாவது முதுகெலும்பின் அடியில், தங்கும் என்பர். அறுவைக் கூடத்தின் குளிர்ச்சி இக்கொள்கையை மெய்ப்பித்துவிடாது. எனினும், மூச்சு அடங்குவது வேறு, உயிர் அகலுவது வேறு என்று சித்தாந்தம் கண்ட வேறுபாடு வெறும் சொற்பிரிவு அன்று என்பதை உணர்த்துகிறது.

ஆயினும் ஓர் இன்றியமையாத வேற்றுமை உண்டு. உறங்குபவன் தானே விழித்துக்கொள்கிறான். குளிர்விக்கப்பட்ட உடலோ தானே வெம்மை பெற்று எழ இயலாது. உறுப்புகளின் கட்டமைப்பு சிதையாதிருப்பதால் மீளும் தகுதி அவ்வுடலுக்குள்ளேயே இருந்தாலும், அத்தகுதி நிறைவேறுவது மீண்டும் குருதியை ஓட விட்டு மெல்ல வெப்பமூட்டுகின்ற பிறர் கைகளில்தான். ஆதலால், மீளமுடியாமை என்று மரணத்துக்குச் சொல்லப்படும் இலக்கணம் உடலின் இயற்கையை மட்டுமன்றி, மனிதர் பெற்ற திறத்தையும் ஏற்ற கடமையையும் சார்ந்து நிற்கிறது. எந்தச் செயலாலும் தன் இருப்பைக் காட்ட இயலாத அந்த அரை மணி நேரத்திலும் ஓர் உயிர் மதிப்பில் சிறிதும் குறைவதில்லை. அதைக் காக்கும் பொறுப்பு முழுவதும் சூழ நிற்பவர்களிடம் அடைக்கலமாக வந்துசேர்கிறது.