பாமியான் மாடமும் வாய்மையும்

ஆப்கானிஸ்தானத்துப் பாமியான் பள்ளத்தாக்கில், மலைச்சுவரைக் குடைந்து அமைக்கப்பெற்ற இரு பெரும் புத்தர் திருவுருவங்கள் 2001ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டதை நாம் மறந்திலோம். ஒன்று ஏறத்தாழ 55 மீட்டர் உயரம். மற்றொன்று 38 மீட்டர். அவற்றை மீண்டும் முன்போலவே எழுப்ப இயலுமா என்று வினவினால், பெரும்பாலும் இயலும் என்றே அளவைக் கலை வல்லார் விடை பகர்வர். எழுப்புதல் தகுமா? அவ்விரண்டாம் வினாவே நம்முடையது.

இயலும் என்பதற்கு அடிப்படை புகைப்படமே. ஒரு கட்டிடத்தை வெவ்வேறு இடங்களில் நின்று படம் எடுத்து, அதன் ஒரு புள்ளி ஒவ்வொரு படத்திலும் எங்கே விழுந்துள்ளது எனக் குறித்து, காமிராவுக்கு வந்த ஒளிக்கோடுகளைக் கணக்கினால் திரும்ப நீட்டினால், அவை ஒன்றையொன்று வெட்டும் இடமே அப்புள்ளி நின்ற இடம். நம் இரு கண்களும் தொலைவை உணர்வது இங்ஙனமே. தெரிந்த நீளம் ஒன்று கையிலிருந்தால் முழு உருவின் அளவும் கிடைத்துவிடும். 1858இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத்துப் பேராலயத்தை அளக்க ஏறிய ஆல்பிரெக்ட் மைடன்பவர் என்னும் இளைஞர், உயரத்தினின்று விழுந்து மாள்வதினின்று மயிரிழையில் தப்பினார். ஏறி அளப்பதைவிடப் படம் எடுத்து அளந்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அங்கே உதித்ததாம். அச்சமும் சில வேளை கலைகளை ஈன்றெடுக்கிறது!

பாமியானின் பெரிய உருவத்தை 1970இல் ஆஸ்திரிய அறிஞர் ராபர்ட் கோஸ்ட்கா அளவைக்கென்றே அமைந்த காமிராவினால் படம் எடுத்திருந்தார். தகர்ப்பிற்குப் பின்னர், சூரிக் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் அப்படங்களுள் மூன்றைக் கொண்டு கணிப்பொறியில் அவ்வுருவை மீட்டனர். சீவரத்தின் மடிப்புகளைப் பொறி தானாகப் பற்ற இயலாமையால், மனிதர் கண்ணே அவற்றைப் புள்ளி புள்ளியாக அளக்க வேண்டியதாயிற்று. 200இல் ஒரு பங்கு அளவில் சிறு மாதிரி ஒன்றும் செய்தனர்.

ஆயினும் முகத்தின் மேற்பகுதியை அவர்களால் மீட்க இயலவில்லை. கோஸ்ட்கா படம் எடுப்பதற்கு நெடுங்காலம் முன்னரே அஃது இல்லாமற் போயிருந்தது. மரத்தால் இயன்று அழிந்ததென்பாரும் உளர், வெட்டப்பட்டதென்பாரும் உளர். ஏழாம் நூற்றாண்டில் நேரிற் கண்ட யுவான் சுவாங், பொன்னிறமும் அணிகளின் ஒளியும் கண்ணைப் பறித்தன என்று எழுதினாரேயன்றி முகத்தின் அளவைத் தந்தாரல்லர். மலையிற் செதுக்கிய சிறிய உருவத்தை உலோகத்தால் வார்த்ததென்றும் அவர் எழுதிவிட்டார். நேரிற் கண்டவர் சொல்லும் அளவுகோலாகிவிடாது போலும்.

இங்கேதான் நம் மனம் சோதனைக்குள்ளாகின்றது. முகமற்ற புத்தரை யார் விரும்புவர்? காந்தாரச் சிற்பமொன்றின் இன்முகத்தை எடுத்துப் பொருத்தினால் தொழுவார் மகிழ்வர், நாமும் மகிழ்வோம். அம்மகிழ்ச்சியை மறைத்துப் பேச நாம் துணியோம். ஆயினும் பொய்யுரை தவிர்ப்பதாக நாம் ஏற்ற சீலம் நாவிற்கு மட்டும் உரியதா? ஒருவரும் கண்டறியாத முகத்தை மலையிற் பொருத்தி, இதுவே பாமியான் புத்தர் என்று பின்வருவோர் நம்பும்படி விடுவது, கல்லாற் சொல்லிய பொய்யன்றோ?

“அனைத்தும் நிலையாதன என்று கற்ற பௌத்தருக்குக் கல்லின்மேல் பற்று எதற்கு?” என்று சிலர் கேட்பர். நிலையாமை இடிப்பவனுக்கு வழங்கிய உரிமைச் சீட்டு அன்று. இருந்ததை இருந்தவாறு அளந்து வைத்தல் பற்றும் அன்று. இல்லாததை இருந்ததாகக் காட்ட விழைவதே பற்று. அதே 1858ஆம் ஆண்டில் லினேயஸ் டிரைப் சென்னையில் அமராவதிக் கற்களைப் படம் எடுத்தார். அவை அதற்கு முன்னரே பெயர்க்கப்பட்டு வந்தவை. தூபி முழுமையாக நின்ற கோலத்தை எந்தக் காமிராவும் கண்டதில்லை. அதை இன்று வரைந்து காட்டுவோர், ஊகித்த பகுதியை வேறு கோட்டினால் காட்டுதல் வேண்டும் என்பது நம் கருத்து.

பாமியானில் வாழ்வோர் பெரும்பாலும் ஹஸாரா முஸ்லிம்கள். அவர்கள் அவ்வுருவங்களைப் புத்தரென்று தொழவில்லை. சல்சால் என்றும் ஷாமாமா என்றும் பெயரிட்டுக் கதை சொல்லி வளர்ந்தார்கள். வெடிமருந்தைச் சுமந்து வைக்குமாறு அவருட் சிலரே வற்புறுத்தப்பட்டனர். ஆதலின் மாடத்தை என் செய்வது என்பதில் நம்மினும் அவர்க்கே உரிமை மிகுதி. பெரிய மாடத்தை வெறுமையாகவே விட்டுவிடலாம் என 2011இல் யுனெஸ்கோ கூட்டிய வல்லுநர் கருதினர். நம்மைக் கேட்பின், கிடைத்த துண்டுகளைப் படங்களின் துணையால் அவையவை இருந்த இடத்திற் சேர்க்கலாம் என்போம். முகம் இருந்த இடத்தில் எதனையும் வைக்க வேண்டா.