விற்கத் தோன்றாத வாள்

வாளும் ரத்தமும் முறைத்துப் பார்க்கிற ஆண்களுமாக இருக்கும் படங்களை நீ எப்படித்தான் உட்கார்ந்து பார்க்கிறாய் என்று ஒரு தோழி கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. பெண்களின் உழைப்பைப் பற்றியும் உடலைப் பற்றியும் கூட்டங்களில் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, குரோசவாவையும் கொபயாஷியையும் போட்டுக்கொண்டு உட்காருகிறவள் நான். நம்மூர் நாயகன் அரிவாளைத் தூக்கினால் சேனலை மாற்றிவிடுவேன். ஜப்பானியன் வாளை உருவினால் மட்டும் ஏன் மாற்றுவதில்லை? தூரத்து நாடு, கறுப்பு வெள்ளை, கலைப்படம் என்றெல்லாம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது நேர்மையான பதில் இல்லை.

நெய்வேலி நகரியத்தில், கணவருக்கு இரவு ஷிப்ட் இருக்கிற வாரங்களில்தான் எங்கள் வீட்டில் இந்தப் படங்கள் ஓடும். அவர் ஒன்பதரைக்குக் கிளம்பியதும் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு நானும் அம்மாவும் உட்காருவோம். ‘செவன் சாமுராய்’ (1954) 207 நிமிடப் படம். படத்துக்குள்ளேயே குரோசவா ஓர் இடைவேளை வைத்திருக்கிறார். எங்களுக்கு அந்த ஒன்று போதாது. பால் உறை ஊற்ற, அம்மாவுக்கு மாத்திரை எடுக்க, பையனின் போர்வையைச் சரிசெய்ய என்று நிறுத்தி நிறுத்தி நான்கு இரவுகள் பார்த்தோம். எங்கே போனாய் என்று யாரும் கேட்காத நான்கு மணி நேரம் எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கும் ஒருசேரக் கிடைத்ததில்லை. தியேட்டர் அந்த நேரத்தைக் கேட்கிறது. வீட்டு டிவி கேட்பதில்லை.

அம்மாவுக்கு ஆங்கில சப்டைட்டில் ஓடாது. நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டு வருவேன். பேசாப்பட காலத்து ஜப்பானில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதையையும் வசனத்தையும் சொல்கிறவர்கள் இருந்தார்கள். பென்ஷி என்று பெயர். குரோசவாவின் அண்ணனே ஒரு பென்ஷி. பேசும்படம் வந்து அந்தத் தொழில் அழிந்துகொண்டிருந்த 1933இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். எங்கள் கூடத்தில் அந்த வேலை எனக்கு. சொல்லிக்கொண்டே பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு, சண்டையைச் சொல்ல முடியாது. வாய் ஓய்ந்திருக்கும் நேரம் அதுதான். பேச வேண்டியிருப்பதெல்லாம் வீட்டுக்குள் நடக்கிற காட்சிகளுக்குத்தான். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் படங்களில் எவ்வளவு வீடு இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது.

என் சிறுவயது வீடும் இதே நகரியத்தில், வேறொரு வட்டத்தில். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து பகலில் தூங்குவார். அந்த வாரம் அம்மா குக்கர் வைக்க மாட்டாள், சாதத்தை வடிப்பாள். விசில் அடித்தால் அப்பா எழுந்துவிடுவார். ஜன்னலில் பழைய புடவையைக் கட்டி இருட்டாக்கியிருப்போம். நானும் தம்பியும் குதிகால் தரையில் படாமல் நடப்போம். சத்தம் போடாதே என்று யாரும் எங்களிடம் சொன்னதாக நினைவில்லை. சொல்லாமலே தெரிந்த விதி அது.

சாமுராய் என்ற சொல்லின் வேருக்குப் பணிவிடை செய்வது என்றுதான் பொருள். ஆணவமாக நடந்துவரும் அந்த ஆள் உண்மையில் ஒரு வேலையாள். எங்கே உட்கார வேண்டும், எவ்வளவு குனிய வேண்டும், கோபம் வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. குடும்பத்தின் மானம் அவன் உடம்பில் இருக்கிறது. அவன் இருக்கும் வீடுகூட எஜமானன் கொடுத்தது, வேலை போனால் வீடும் போகும். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. எஜமானனை இழந்தவன் ரோனின். ஊர் ஊராகத் திரிவான், அவனை யாரும் நம்ப மாட்டார்கள். கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண்ணுக்கு நம் மொழியில் ஒரு சொல் வைத்திருக்கிறோமே, வாழாவெட்டி, அதற்கு ஆண்பால் நம்மிடம் இல்லை. ரோனின் கிட்டத்தட்ட அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

என் ரசனையின் முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பெண்ணுக்கு விதித்த வாழ்க்கையை ஓர் ஆண் வாழ்வதைப் பார்க்கிறேன். ஆனால் அவன் அடங்கியிருந்தால் அதற்கு வீரம் என்று பெயர். தாங்க முடியாமல் போகும்போது உருவ அவனிடம் வாள் இருக்கிறது, கடைசியில் அழகான ஒரு சாவும் இருக்கிறது. அம்மாவுக்கு இருந்தது மறுநாள் காலைச் சமையல்.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். மசாகி கொபயாஷியின் ‘ஹரகிரி’ (1962) பார்த்த இரவு வேறு மாதிரி ஆகிவிட்டது.

1630இல் நடக்கும் கதை. ஹன்ஷிரோ என்ற ரோனின் ஒரு பெரிய குலத்தின் மாளிகைக்கு வந்து, முற்றத்தில் வயிற்றைக் கிழித்துச் சாக இடம் கேட்கிறான். கொஞ்ச நாள் முன்பு அவன் மருமகன் மொடோமேயும் அப்படித்தான் வந்திருந்தான். வீட்டில் மனைவி மிஹோவுக்கும் குழந்தைக்கும் உடம்பு சரியில்லை, கையில் காசு இல்லை. சாகிறேன் என்று சொன்னால் ஏதாவது கொடுத்து அனுப்புவார்கள் என்று நம்பி வந்தவன். மாளிகைக்காரர்கள் அவனை நிஜமாகவே சாகவைக்கிறார்கள், அதுவும் அவன் இடுப்பில் இருந்த மூங்கில் கத்தியாலேயே. இரும்பு வாள்களை அவன் எப்போதோ மருந்துக்கும் சாப்பாட்டுக்குமாக விற்றிருந்தான்.

மூங்கில் கத்தி விஷயம் தெரிந்ததும் அம்மா என் கையைத் தட்டினாள். “ஏன்டி, மாமனார்காரன் கத்தி அவன்கிட்டயேதான இருக்கு? அத வித்திருக்கலாம்ல?”

படத்தில் சற்றுப் பிறகு ஹன்ஷிரோவே அதைச் சொல்லி அழுகிறான். சிறியவன் வாளை விற்றுவிட்டான், தனக்கு அது தோன்றக்கூட இல்லை என்று. அம்மா அவனை முந்திக்கொண்டாள். நான் ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன்.

தம்பி எஞ்சினியரிங் சேர்ந்த வருடம் அம்மாவின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போனது. ஆறு வருடம் மஞ்சள் கயிறோடு இருந்தாள். அப்போது வடலூர் பக்கம் அப்பா வாங்கிப்போட்ட மனை ஒன்று சும்மா கிடந்தது. அப்பா கெட்டவர் இல்லை. சங்கிலியைக் கொடு என்று அவர் கேட்கவுமில்லை, அம்மாவே கழற்றிக் கொடுத்தாள். ஓய்வு பெற்றதும் கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டும், அதற்குள் சொந்தமாக ஓரடி மண் வேண்டும் என்ற பயத்தில் வாங்கிய மனை அது. அவர் பயம் நியாயமானதுதான். ஆனால் அதை விற்கலாமா வேண்டாமா என்று ஒரு பேச்சுகூட எழவில்லை. மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். தோன்றவே இல்லை என்றால் என்ன செய்வது?

தோன்றாமல் போனதற்காக ஒருவரைக் குற்றம் சொல்லலாமா? சட்டம் செய்த குற்றத்தைக் கேட்கும், மனசாட்சி நினைத்த குற்றத்தைக் கேட்கும். நினைவிலேயே வராததை எது கேட்கும்? குலதர்மம், குடும்ப மானம் என்பவை இதைச் செய் என்று கட்டளையிடுவதை நாம் நிறையப் பேசிவிட்டோம். சில விஷயங்களைத் தோன்றவிடாமல் செய்வதுதான் அவற்றின் பெரிய வேலை என்று இப்போது நினைக்கிறேன். சங்கிலி பொதுவில் இருந்தது, மனை அப்பாவிடம் இருந்தது. இந்தப் பிரிவினையை யாரும் போடவில்லை, எல்லோரும் கடைப்பிடித்தோம். ஆகவே குற்றம் இல்லை என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. ஹன்ஷிரோ அப்படிச் சொல்லித் தப்பிக்கவில்லை. தோன்றாததையே தன் குற்றமாக ஏற்றுக்கொண்டு, சாகும் முன் அந்நியர்கள் நடுவில் உட்கார்ந்து அதைச் சொல்கிறான். ஆண்கள் அழுகிற படங்கள் நம்மிடம் ஏராளம். “எனக்குத் தோன்றவில்லையே” என்று அழுகிற ஆணை நான் அதிகம் பார்த்ததில்லை.

நம் புறப்பாடல்களில் இந்த மானத்தைப் பெண்களே பாடியிருக்கிறார்கள். மகன் புறமுதுகிட்டான் என்று கேள்விப்பட்டுக் களத்துக்குப் போன தாயைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஒரே மகனைப் போருக்கு அனுப்புகிறவளைப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். பெருமைப்படத்தான் நமக்குக் கற்பித்தார்கள். அந்தத் தாய்களுக்கு எது தோன்றாமல் போனது என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை. கொபயாஷியின் ‘சாமுராய் ரெபெல்லியன்’ (1967) படத்து இச்சிக்குத் தோன்றுகிறது. பிரபு அவளை வேண்டாமென்று ஒரு குடும்பத்தில் கட்டிவைக்கிறான், பிறகு தன் வாரிசின் தாய் என்பதால் திரும்ப அனுப்பச் சொல்கிறான். அவள் முடியாது என்கிறாள். அந்த மறுப்பிலிருந்துதான் மாமனார் இசபுரோவுக்கு எதிர்க்கும் துணிச்சல் வருகிறது. அவர் வீட்டோடு மாப்பிள்ளையாக இருபது வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தவர் என்பது தற்செயல் இல்லை. ஆனால் அவருடைய மனைவியை வெறும் சிடுமூஞ்சியாகக் காட்டிய இடத்தில் எனக்குக் கொபயாஷியோடு சண்டை உண்டு.

படத்தை மறுபடி ஓடவிடும் முன் அம்மாவிடம் கேட்டேன், மனையை விற்கலாம் என்று நீ ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை? கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

“எனக்கும்தான் தோணல” என்றாள்.

‘செவன் சாமுராய்’ பார்த்தது அதற்குப் பிறகு. நான்கு இரவும் நான் விவசாயிகள் பக்கம்தான் இருந்தேன். சாமுராய்களுக்குப் பயந்து மன்சோ தன் மகளின் முடியை வெட்டுகிறபோது அம்மா உச்சுக்கொட்டினாள். விவசாயிகளைக் கள்ளர்களாக்கியது யார், நீங்கள்தானே என்று கிகுச்சியோ சாமுராய்களைப் பார்த்துக் கத்துகிற காட்சியை உற்சாகமாகத் தமிழில் சொன்னேன். கடைசி இருபது நிமிடம் மிச்சமிருந்தது, மறுநாள் காலையில் போட்டோம். போர் முடிந்து, செத்தவர்களைப் புதைத்த மேட்டுக்குக் கீழே, ஊரே பாடிக்கொண்டு நாற்று நடுகிறது.

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் துலக்க வருகிற அக்கா அப்போது துடைப்பத்தோடு நின்றிருந்தார். இந்த நகரியமும் சுரங்கங்களும் கிராமங்களை எடுத்துத்தான் உண்டாயின. அவர் மாமனாரின் நிலமும் அதில் போனது, அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். “நாத்த இப்பிடித்தான் பிரிச்சிப் போடுவோம்” என்று திரையைப் பார்த்துச் சொன்னார். ஆமாம்க்கா என்றேன். குரோசவா அந்தக் காட்சியை எடுத்த அழகைப் பற்றி அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா போன பிறகு அம்மா சொன்னாள். “பக்கத்துல நாற்காலி காலியாத்தான் கெடந்துச்சு. கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டே பாத்துட்டுப் போறா.”