இலையும் இழையும்

வெளிநாடு போய்த் திரும்பியவனிடம் நம் ஊரில் யாரும், "அங்கே என்ன பார்த்தாய்?" என்று முதலில் கேட்பதில்லை. "சாப்பாட்டுக்கு என்ன செய்தாய்?" என்றுதான் கேட்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் பாரசீகம் போய்விட்டுக் காஞ்சிபுரம் திரும்பியபோதும் அதுவே நடந்தது. எதிர்வீட்டுப் பாட்டி கேட்டாள். தபால்காரர் கேட்டார். ஏகாம்பரநாதர் கோவில் வாசலில் பூக்கட்டும் அம்மாள், "அங்கே எல்லாம் ஆட்டுக் கறிதானாமே, பட்டினி கிடந்தீங்களா?" என்று உண்மையான கவலையோடு விசாரித்தாள். "இல்லை அம்மா, நன்றாகச் சாப்பிட்டேன்" என்று எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மைதான். ஆனால், அங்கே சாப்பிட்ட ஒரு சாப்பாடு இன்னும் எனக்குச் செரிக்கவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

நான் பிறந்தது சைவச் சாப்பாட்டுக் குடும்பம். 'சைவம்' என்ற சொல்லே எங்கள் ஊரில் ஒரு வேடிக்கை. சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளை அன்றி வேறொருவரைக் கும்பிடாத வைணவர்கூட, வெளியூர் ஓட்டல் வாசலில் நின்று, "இது சைவமா?" என்றுதான் கேட்பார். சோற்று விஷயத்தில் மட்டும் சைவ வைணவப் பேதம் இல்லை. அந்த ஒற்றுமையைத் துணையாகக் கொண்டு, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும் இரண்டு பொட்டலம் மிளகாய்ப் பொடியுமாக விமானம் ஏறினேன். 'பெதூனே கூஷ்த்', அதாவது 'இறைச்சி இல்லாமல்' என்ற பாரசீகத் தொடரை மந்திரம்போல் உருப்போட்டு வைத்திருந்தேன்.

மந்திரம் முதல் நாளே பலிக்கவில்லை. தெஹ்ரானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அதைச் சொன்னேன். பரிசாரகர் புன்னகையோடு தலையசைத்துவிட்டுப் போய், கம்பியில் கோத்துச் சுட்ட கோழியைக் கொண்டுவந்து வைத்தார். 'கூஷ்த்' என்றால் அவருக்கு ஆட்டுக் கறியும் மாட்டுக் கறியும்தான். கோழி, கறியில் சேர்த்தியே இல்லை! பிறகு விவரமாகக் கேட்கக் கற்றுக்கொண்டேன். கோழி உண்டா? மீன் உண்டா? முட்டை உண்டா? எலும்பு வேகவைத்த நீரா? எந்தக் கொழுப்பில் வதக்கினீர்கள்? ஒரு வாரத்துக்குள் நான் பிரயாணியாக இல்லை. குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலாக ஆகிவிட்டேன்.

ஆனால் பட்டினி இல்லை. துவரைக்குப் பதில் மைசூர்ப் பருப்பின் அண்ணனைப்போல ஒரு பருப்பும் உலர்ந்த திராட்சையும் சேர்த்துக் கிளறிய 'அதஸ் பொலோ' என்ற சோறு உண்டு. கூழாங்கற்களின் மேல் வேகும் 'சங்கக்' ரொட்டி உண்டு. தயிர் உண்டு, புதினாவும் உப்பும் போட்ட மோர் உண்டு. பச்சையாகவே கடித்துத் தின்னத் தட்டு நிறையக் கீரைத் தழைகள் உண்டு. பானையின் அடியில் பொன்னிறமாக முறுகிய சோற்றுக் காந்தலுக்கு 'தஹ்தீக்' என்று பெயர். நம் வீட்டில் காந்தல் என்றால் சமைத்தவளுக்குத் திட்டு. அங்கே அது விருந்தாளிக்கு முதல் மரியாதை. புளிக்காய்ச்சல் பாட்டிலைத் திறக்கவே இல்லை. மாதுளையும் நாரத்தை இனத்துப் பழங்களும் புளியின் வேலையைப் பார்த்துவிட்டன.

இன்னொரு வேடிக்கை. நம் சாம்பாருக்கு மணம் தரும் பெருங்காயம் அந்தப் பக்கத்து மலைகளில் விளைவது. தலைமுறை தலைமுறையாக ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும்தான் நமக்கு வந்தது. இமாசலப் பிரதேசத்து லாகுல் பள்ளத்தாக்கில் நம்மவர்கள் அதை நட்டுப் பார்க்கத் தொடங்கியதே 2020இல்தான். விளைகிற நாட்டிலோ வீட்டுச் சமையலில் அதை அவ்வளவாகச் சீந்துவதில்லை! என் ஆசாரமான சாம்பாரின் உயிர்நாடி அந்நிய நாட்டுப் பிசின் என்று நினைக்க எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு ரஷ்த் நகரம் போகும்வரை நீடித்தது.

ரஷ்த், காஸ்பியன் கடலை ஒட்டிய கீலான் மாகாணத்தின் தலைநகர். பாரசீகம் என்றால் பாலைவனம் என்று எண்ணிப் போகிறவனை அந்த மாகாணம் ஏமாற்றும். ஓயாத மழை, நெல்வயல், ஓட்டு வீடு, தேயிலைத் தோட்டம். பக்கத்து லாகிஜானில் தேயிலையை ஊன்றியவர், நம் நாட்டில் பாரசீகத் தூதரக அதிகாரியாக இருந்தபோது இங்கிருந்து விதை கொண்டுபோன ஒரு பிரபு. புனேயில் என்னோடு ஒரே விடுதியில் தங்கிப் படித்த நண்பரின் வீடு ரஷ்த்தில் இருந்தது. எழுபது வயது கடந்த அவருடைய தாயார்தான் சமைத்தார். நான் அவரை 'அம்மா' என்றே அழைத்தேன். நண்பர் அதை மொழிபெயர்க்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

தரையில் துணி விரித்துப் பந்தி வைத்தார்கள். சுட்ட கத்தரிக்காயைப் பூண்டும் தக்காளியும் சேர்த்து மசித்த 'மீர்ஸா காஸெமி' வந்தது. நம் கத்தரிக்காய்க் கொத்சுக்கு ஒன்றுவிட்ட தங்கை. சதகுப்பைத் தழை மணக்கும் அவரைப் பருப்புக் குழம்பு வந்தது. குழைய வடித்த சோறு, அக்ரூட் பருப்பும் மாதுளைச் சாறும் பிசைந்த ஆலிவ் காய். முதல் இரண்டிலும் முட்டை சேர்ப்பதுதான் அந்த ஊர் வழக்கம். எனக்காகச் சேர்க்கவில்லை என்றார்கள். மற்றவர்களுக்கு வைத்த மீன் தட்டு, பந்தியின் கோடியில், எனக்கு வாடை வராத தூரத்தில் இருந்தது.

நான் என்ன செய்தேன்? பழகிப்போன வக்கீல் புத்தியில், முட்டை உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். எந்த எண்ணெய் என்று கேட்டேன். சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, மீன் வறுத்த சட்டியா என்று மூன்றாவது முறையும் கேட்டேன். அம்மா எழுந்துபோய், கடைச் சீட்டு இன்னும் உரிக்கப்படாத ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். எனக்காக முதல் நாளே வாங்கிய புதுப் பாத்திரம். நண்பர் என்னைப் பார்க்காமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் வெட்கத்தோடு நிறையச் சாப்பிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும், என் மனைவி கொடுத்தனுப்பிய பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்தேன். எங்கள் ஊர்த் தறியில் நெய்த பட்டுத் தாவணி. அரக்கு நிறம், ஓரத்தில் ஜரிகை. 'ஜரி' என்ற சொல்லே உங்கள் மொழியிலிருந்து வந்ததுதான், 'ஸர்' என்றால் பொன் அல்லவா என்று என் புலமையையும் காட்டிக்கொண்டேன். அம்மா துணியை விரலால் தடவிப் பார்த்தார். தடவிய விதத்திலேயே பட்டறிந்த கை என்று தெரிந்தது. பிறகு நண்பரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். நண்பர் தயங்கினார். நான் வற்புறுத்தியதும் மொழிபெயர்த்தார்.

"அம்மா சிறுமியாக இருந்தபோது இவர்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்களாம். முசுக்கொட்டை இலை பறித்துப் போடுவது அம்மாவின் வேலை. இரவில் புழுக்கள் இலை தின்னும் சத்தம் மழை பெய்வதுபோல் கேட்குமாம். கடைசியில் கூடுகளைக் கொதிநீரில் போடும் நாளில் அம்மா தோட்டத்தில் போய் ஒளிந்துகொள்வாராம். 'இவர் முட்டைகூடச் சாப்பிடாதவர். இவர்கள் ஊரில் உயிர் போகாமல் பட்டு எடுக்க ஏதாவது வழி வைத்திருக்கிறார்களா? அதைக் கேட்டுச் சொல்' என்கிறார்."

அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை. கோழி முட்டைக்கு மூன்று கேள்வி கேட்கிற மனிதர், புழுவுக்கும் ஏதாவது ஏற்பாடு செய்திருப்பார் என்று நம்பினார். "இல்லை அம்மா, எங்கள் ஊரிலும் கொதிநீர்தான்" என்றேன். அவர் தலையசைத்து, தாவணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினார்.

அன்றிரவு படுக்கையில் எனக்காக நானே வாதாடினேன். முதல் வாதம்: நாம் புழுவைத் தின்னவில்லையே, உடுத்தத்தானே செய்கிறோம்? செத்த உயிருக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? இரண்டாவது: நூல் கருநாடகத்திலிருந்து வருகிறது, காஞ்சியில் யாரும் கூட்டை வேகவைப்பதில்லை. இதற்கு வள்ளுவர் புலால் மறுத்தலிலேயே வழி அடைத்துவிட்டார். வாங்குகிறவன் இல்லாவிட்டால் விற்கிறவனும் இல்லை என்பது அவர் கணக்கு. ஆட்டுக்குச் செல்லும் கணக்கு புழுவுக்கும் செல்லும். மூன்றாவது: புழு சின்ன உயிர். ஆனால் எண்ணிக்கை சின்னதல்ல. ஒரு கூட்டின் இழை அறாமல் ஒரு கிலோமீட்டர் வரை வரும். அந்துப்பூச்சி வெளியே வந்தால் கூடு துளைபட்டு இழை அறுந்துபோகும் என்பதற்காகத்தான் உள்ளேயே அவிக்கிறார்கள். ஒரு கலியாணப் புடவைக்குச் சில ஆயிரம் கூடுகள் வேண்டும். ஒரு புடவைக்குள் அடங்கும் உயிர்களை எண்ணினால், அந்த அம்மா ஆயுள் முழுதும் சமைத்த கோழிகள் அவ்வளவு தேறுமா என்பது சந்தேகம்.

இதில் வேதனையான வேடிக்கை, பட்டு நமக்கு மடி. பட்டுக்குத் தீட்டில்லை என்பது நம் வீட்டு வழக்கு. உயிர்க்கொலை கூடாது என்று இலை போட்டு உட்காருகிறவன், ஆயிரக்கணக்கான உயிர் போன துணியைக் கட்டிக்கொண்டால்தான் சுத்தமானவன்! இதை முதலில் கண்டவன் நானல்ல. காஞ்சி மடத்துச் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் (1894–1994) பட்டு வேண்டாம் என்று பல காலம் சொல்லி வந்தார். பட்டுக்குப் பெயர்போன ஊரின் மடாதிபதியே சொன்னார். ஊர் அவரை வணங்கியது, பட்டு உடுத்திக்கொண்டு.

ரஷ்த்திலிருந்து திரும்பும் வழியில் நண்பர் ஒரு பாரசீக நாவலாசிரியரைப் பற்றிச் சொன்னார். சாதெக் ஹெதாயத் (1903–1951). கறி தின்னும் சமூகத்தில் பிறந்து, தானாக யோசித்துக் கறியை விட்டவர். புலால் உண்ணாமையின் நன்மைகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி 1927இல் பெர்லினில் வெளியிட்டார். 1936இல் பம்பாய்க்கு வந்து தங்கி, பெரும் புகழ்பெற்ற 'குருட்டு ஆந்தை' நாவலைக் கையெழுத்துப் பிரதியிலிருந்து சில பிரதிகள் உருட்டி எடுத்ததும் நம் நாட்டில்தான். அவர் மறுத்த ஒவ்வொரு தட்டும் அவருக்கு ஒரு சிறு போராட்டமாக இருந்திருக்கும். நான் என்ன போராடினேன்? கறி எனக்கு ஆசையே இல்லை. ஆசை இல்லாததை விட்டுவிட்டதற்கு ஆயுள் முழுவதும் பெருமை கொண்டாடினேன். பட்டு எனக்குப் பிடிக்கும். அதன் பளபளப்பும், தழையும் ஒலியும் பிடிக்கும். என் அகிம்சைக்குச் சோதனை இருந்தால் அது அங்கேதான் இருந்தது. அங்கே நான் ஒரு கேள்வியும் கேட்டுக்கொண்டதில்லை.

ஊர் வந்த பிறகு, பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பழக்கமான ஒரு நெசவாளப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் குழித்தறியில் இருந்தபடியே கேட்டார். கரைக்கும் உடலுக்கும் வேறு வேறு நாடா ஓடும் கோர்வை வேலை. பக்கத்தில் அவர் மனைவி துணைக்கு உட்கார்ந்து நாடா தள்ளிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டுப் பெரியவர் சொன்னார்:

"நீங்க சொல்றது நெசந்தாங்க ஐயா. நீங்க கட்டலேன்னா புழு பொழைக்கும். நாங்க?"

அவர் மனைவி கட்டியிருந்தது நூல் சேலை. பதினைந்து நாள் இருவரும் உட்கார்ந்தால் ஒரு புடவை இறங்கும். அதில் அவர்கள் கைக்கு வருவது கடையின் கண்ணாடிக்குள் தொங்கும் விலைச்சீட்டில் ஒரு சிறு பங்கு. பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து நூற்கும் 'அகிம்சைப் பட்டு' உண்டே என்றேன். "பார்த்திருக்கேன். பஞ்சு மாதிரி நூக்கணும். இந்த மினுமினுப்பு வராது. விலையும் கூட" என்றார். அதோடு, வெளியே வரும் பூச்சியும் பறந்து திரிந்து வாழ்வதில்லை. மனிதனிடம் வளர்ந்து வளர்ந்து பறக்க மறந்த இனம் அது. சில நாளில் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். அத்தனை குஞ்சுப் புழுக்களுக்கும் இலை போட யார் இருக்கிறார்கள்? அந்த வழியும் நான் நினைத்த அளவு சுத்தமாக இல்லை. ரஷ்த் அம்மா அடுத்தபடி பாலையும் கன்றையும் பற்றிக் கேட்டிருந்தால் என் தயிர்ச் சாதமும் கூண்டில் ஏறியிருக்கும்.

அப்படியானால், எதையும் முழுக்கச் செய்ய முடியாது, ஆகவே எதையும் தின்னலாம் என்று சொல்லலாமா? சிலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. தெரு முழுவதையும் பெருக்க முடியாது என்பதற்காக வாசலைப் பெருக்காமல் விடுவதில்லை. நான் இன்றும் சைவச் சாப்பாடுதான் சாப்பிடுகிறேன். ஓர் உயிராவது மிஞ்சும் என்றால் அது நல்லதுதான். ஆனால் அது என்னை யாருக்கும் மேலே ஏற்றும் ஏணி அல்ல. இதே காஞ்சியில்தான் பஞ்ச காலத்தில் மணிமேகலை அமுதசுரபியோடு வந்து நின்றாள் என்று காப்பியம் சொல்கிறது. வந்தவர்களிடம் அவள் பசியைப் பார்த்தாள்; குலத்தைப் பார்க்கவில்லை. ரஷ்த்தில் என் பசியைப் பார்த்த அம்மாவை நான் சாட்சிக் கூண்டில் நிறுத்தினேன். சட்டியில் உயிர் இருக்கிறதா என்று மூன்று முறை கேட்ட எனக்கு, முன்னே உட்கார்ந்திருந்த உயிரின் மனம் புலப்படவில்லை. அதுவும் ஒருவகை இம்சைதான்.

இப்போது எங்கே போனாலும் ஒரு முறைதான் கேட்கிறேன். சொன்னதை நம்பிச் சாப்பிடுகிறேன். எனக்கென்று பட்டு வாங்குவதை விட்டுவிட்டேன். விசேஷங்களுக்குப் பருத்தி வேட்டிதான். இதனால் என் அக்காவுக்கு என்மேல் மனத்தாங்கல்.

அவள் மகளுக்குத் தை மாதம் கலியாணம். தாய்மாமன் எடுத்துத் தரவேண்டிய கூறைப்புடவைக்கு என்ன செய்வது என்று இரண்டு மாதம் குழம்பினேன். புழுக்களை நினைத்தால் வேண்டாம் என்று தோன்றியது. குழித்தறியை நினைத்தால் வேறு விதமாகத் தோன்றியது. கடைசியில் பிள்ளையார்பாளையத்துப் பெரியவரிடமே நேரில் போய், கடைக்காரர் இடையில் இல்லாமல், அவர் கேட்ட கூலியைக் கொடுத்து நெய்யச் சொன்னேன். அது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. புடவை பாதி இறங்கியிருக்கிறது. போய்ப் பார்த்தேன், அரக்கு நிறம், அழகாகத்தான் இருக்கிறது.