மணியும் வினையும்

சுடருக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடி மணி செய்வது என் பிழைப்பு. புதுச்சேரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறைதான் பட்டறை. ஒரு பக்கம் எரிவாயு சிலிண்டர், மறுபக்கம் ஆக்சிஜன் தரும் கருவி. வீட்டில் மூச்சுத் திணறும் நோயாளிக்கு வைப்பார்களே, அதே வகை. இரண்டும் கூடி, மேசை விளிம்பில் திருகிய டார்ச்சில் நீலமாகச் சீறும். ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். வினை என்பதைப் பற்றி அங்கே கேட்ட சில விஷயங்கள் வகுப்பில் புரியவில்லை, மேசையில் புரிந்தன. சிலவற்றில் மேசை சொல்வது வேறாக இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எஃகுக் கம்பி ஒன்றை வெள்ளைக் களிமண் குழம்பில் தோய்த்து உலர்த்தி வைத்திருப்போம். அந்தப் பூச்சு இல்லாவிட்டால் மணி கம்பியோடு ஒட்டிக்கொண்டு கழலாது. இடக்கையில் கம்பி, வலக்கையில் பென்சிலைவிடச் சற்று மெலிந்த கண்ணாடிக் குச்சி. குச்சியைச் சட்டென்று சுடருக்குள் நீட்டினால் பட்பட்டென்று தெறித்து மடியில் விழும். ஓரத்தில் காட்டிக் காட்டித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். நுனி சிவந்து உருண்டு தொங்கும்போது அதைக் கம்பியில் தொட்டு, கம்பியைச் சுழற்றிச் சுழற்றிச் சுற்றிக்கொள்ள வேண்டும். சுழற்றுவதை நிறுத்தினால் மணி ஒரு பக்கமாக வழிந்துவிடும். சோடியம் எரிகிற மஞ்சள் கண்ணை மறைக்கும் என்பதால் அதை மட்டும் வடிகட்டுகிற டைடிமியம் கண்ணாடி போட்டுக்கொள்வோம். சில சிவப்புகள் விசித்திரமானவை. உருகும்போது நிறமே இல்லாமல் நிற்கும். கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி சூடு காட்டினால்தான் சிவப்பு எழும். அது எழுகிற கணத்தைப் பார்ப்பதில் எனக்கு இன்னும் சலிப்பு வரவில்லை.

இப்படி உருண்டு திரண்டு, புள்ளி வைத்து, கோடிழுத்து முடிந்த மணியை அப்படியே மேசையில் வைத்து ஆறவிட்டால் என்ன ஆகும்? பெரும்பாலானவை விரிசல் விடும். சில விடாது. பளபளவென்று, ஒரு குறையும் இல்லாமல் நிற்கும். கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மணியின் மேற்பரப்பு முதலில் ஆறிக் கெட்டியாகிவிட்டது. உள்ளே இருந்தது அதற்குப் பிறகுதான் ஆறியது. ஆறும்போது அது சுருங்கப் பார்க்கிறது, வெளி ஓடு விடவில்லை. அந்த இழுபறி அப்படியே உறைந்து உள்ளே நிற்கிறது. நாளைக்கோ அடுத்த மாதமோ, குளிர்ந்த நீர் பட்டோ, லேசாக எதன்மீதாவது இடித்தோ, சில நேரம் ஒன்றுமே படாமலோ, மணி இரண்டாகப் பிளக்கும். உடைந்த அன்று நடந்ததற்கும் உடைப்புக்கும் கிட்டத்தட்ட சம்பந்தமே இருக்காது. காரணம் எப்போதோ, அது சுடரிலிருந்து வெளியே வந்த முதல் சில நிமிடங்களில் உள்ளே போய்விட்டது.

பிராரத்தம் என்று வகுப்பில் சொன்னபோது எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். முன்பு ஈட்டி மூட்டையாகக் கிடப்பது சஞ்சிதம், அதிலிருந்து இந்தப் பிறவிக்கு என்று பிரிந்து வந்து அனுபவமாவது பிராரத்தம், அனுபவிக்கும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம். நூலில் படித்தால் கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கும். மணியில் பார்த்தால், இன்றைய விளைவு இன்றைய காரணத்துக்கு அளவொத்ததாக இல்லாமல் போவது எப்படி என்பதாவது விளங்கும்.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஓர் அக்கா எழுந்து கேட்டார். அவர் மகனுக்குப் பிறவியிலிருந்தே நடக்க முடியாது. "ஐயா, எல்லாரும் வினை வினைன்னு சொல்றாங்க. எம் புள்ளை என்ன செஞ்சான் ஐயா? நான் என்ன செஞ்சேன்?" பின்வரிசையில் ஒருவர் பெருமூச்சோடு, "எல்லாம் போன ஜென்மத்துது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எங்கள் ஆசிரியர் அவரை நிமிர்ந்து பார்த்து, "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அக்காவை உட்காரச் சொன்னார். பிறகு பாடத்துக்குப் போகாமல், வினை சடம் என்ற இடத்தைத் திரும்ப விளக்கினார்.

அந்த இடம் முக்கியமானது. ஆனால் மேடைகளில் அதிகம் காதில் விழுவதில்லை. வினைக்கு அறிவு கிடையாது. செய்தவன் யார், அவன் இப்போது எங்கே இருக்கிறான், எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தானே தேடிப்போய்ச் சேரவும் முடியாது. செய்த உயிருக்கும் தெரியாது. ஆகையால் வினையை உரியவரிடம் உரிய அளவில் கூட்டுவிக்க அறிவுள்ள ஒருவன் வேண்டும், அவனே இறைவன். வினை தானே பயன் தந்துவிடும், இறைவன் தேவையில்லை என்பவர்களை மறுக்கச் சித்தாந்திகள் வைத்த வாதம் இது. அந்த வாதத்தின் மறுபக்கத்தை எங்கள் ஆசிரியர் அன்று சொல்லாமல் சொன்னார். எது எந்த வினையின் பயன் என்ற அறிவு இறைவனுக்கு மட்டும் உரியது என்றால், பின்வரிசைக்காரருக்கு அது இல்லை. எனக்கும் இல்லை. ஒரு பிள்ளையின் காலைப் பார்த்து அவன் முற்பிறவியைப் படிக்கிறவர், தன்னை அறியாமலே இறைவனின் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். சித்தாந்தத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டு அதன் அடிப்படையையே தட்டிவிடுகிறார்.

என் தொழிலிலும் இதே நிலைதான். நன்றாக ஆற்றிய மணியும் கல்தரையில் விழுந்தால் உடையும். ஆற்றாத மணி ஒரு தலைமுறை உடையாமல் இருந்ததும் உண்டு. உடைந்த துண்டை மேலோட்டமாகப் பார்த்து உள்ளே இறுக்கம் இருந்ததா என்று சொல்ல முடியாது. வினையால் துன்பம் வரும் என்று ஒப்புக்கொள்வது வேறு. ஒரு துன்பத்தைக் காட்டி, இதோ இன்ன வினை என்று விரல் நீட்டுவது வேறு.

சரி, உள்ளே நின்ற இறுக்கத்தை என்ன செய்வது? உடைந்துதான் தீர வேண்டுமா?

வேண்டாம். மணியை மின்சூளையில் வைத்து ஆற்றுகிறோம். நான் பயன்படுத்தும் மென்கண்ணாடிக்கு ஏறத்தாழ 510, 520 டிகிரி செல்சியஸ். இந்தச் சூட்டில் மணி உருகாது. புள்ளி கலையாது, கோடு வழியாது, வெளியே ஒரு மாற்றமும் தெரியாது. ஆனால் உள்ளே கண்ணாடி மெல்ல அசைந்து கொடுக்கிறது, இழுபறி தளர்கிறது. கண்ணாடிக்காரர்கள் இதை நேரத்தால் அளக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட சூட்டில் 15 நிமிடத்தில் இறுக்கம் தளரும். அதற்கு ஐம்பது அறுபது டிகிரி கீழே அதே தளர்வுக்கு மணிக்கணக்காகும். அறைச் சூட்டில் வைத்தால் எத்தனை தலைமுறை காத்திருந்தாலும் ஆகாது. தளர்ந்த பிறகு அவசரமே கூடாது. படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். இல்லையென்றால் பழைய இறுக்கம் போய்ப் புதிது ஏறும்.

வினை அனுபவித்தேதான் கழியுமா, அருளால் கழியுமா என்பது பழைய கேள்வி. சித்தாந்தம் இரண்டையும் பிரித்து வைக்கிறது. நிருவாண தீக்கையில் குரு சஞ்சிதத்தை அழிக்கிறார். பிராரத்தம் உடலோடு அனுபவித்துக் கழிகிறது. ஞானம் வந்தவனுக்கு ஆகாமியம் ஏறுவதில்லை. சஞ்சிதம் அழிவதற்கு வறுத்த வித்தை உவமையாகச் சொல்வார்கள். வறுத்தது முளைக்காது, சரி. ஆனால் வறுத்தால் வித்தே செத்துப்போகிறதே என்று எனக்கு ஓர் உறுத்தல் இருந்தது. அழிய வேண்டியது வினை, உயிர் அல்லவே. சூளையில் அந்த உறுத்தல் தீர்ந்தது. இங்கே மணி மணியாகவே இருக்கிறது. உள்ளே பிடித்திருந்தது மட்டும் விடுகிறது. அதற்கும் சூடு வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. எந்தச் சூட்டிலிருந்து தப்பி வந்து இறுக்கம் ஏறியதோ, கிட்டத்தட்ட அந்தச் சூட்டுக்குள்ளேயே திரும்பப் போய்க் காத்திருக்க வேண்டும்.

நல்வினையும் கட்டுதான் என்று சித்தாந்தம் சொல்லும்போது பலருக்கு ஒப்பவில்லை. தானம் செய்தது எப்படிக் கட்டாகும்? கார் பக்கவாட்டுக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இறுக்கத்தை வேண்டுமென்றே ஏற்றுகிறார்கள். நன்கு சூடேற்றி, இரு பக்கமும் காற்றடித்துச் சட்டென்று ஆற்றுவார்கள். அதனால் அது சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு வலு. ஆனால் அதன் பிறகு அதை வெட்ட முடியாது, துளை போட முடியாது. எங்காவது இறுக்கம் அறுந்தால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகக் கொட்டும். தன் நல்ல காரியங்களால் கெட்டிப்பட்டுப் போன பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இனி அவர்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது, நல்லதாகக்கூட.

இந்த உவமை ஓரிடத்தில் முறிகிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். மணியைச் செய்தவள் நான். உயிரை யாரும் செய்யவில்லை. பதி, பசு, பாசம் மூன்றும் தொடக்கமற்றவை என்பது சித்தாந்தத்தின் முதல் பாடம். ஆகவே "கடவுள் உன்னை இப்படிப் படைத்துவிட்டான்" என்று வேறு யாராவது சொல்லலாம், சித்தாந்தி சொல்ல முடியாது. மணிக்குள் ஏறிய இறுக்கத்தில் மணிக்குப் பங்கே இல்லை. என் கடையில் வாங்கிய மணி பிளந்தால் யாரும் மணியைப் பார்த்து, "நீ என்ன பாவம் செய்தாய்?" என்று கேட்பதில்லை. என்னிடம்தான் வருவார்கள். அது சரிதான். உவமை முறிகிற இந்த இடம்தான் எனக்கு அந்த அக்காவின் மகனை நினைவுபடுத்துகிறது. அவன் பள்ளிக்கூடத்தில் வகுப்பு மாடியில், சாய்தளம் கிடையாது. பேருந்துப் படி அவன் அம்மாவின் முழங்கால் உயரம். அவன் படுகிற பாட்டில் எவ்வளவு காலால் வருகிறது, எவ்வளவு படிக்கட்டால் வருகிறது? படிக்கட்டு முற்பிறவியில் கட்டியதல்ல. அதற்குக் கணக்குக் கேட்டால் ஒப்பந்தக்காரர் பெயரும் தேதியும் கிடைக்கும். வினை என்ற சொல் அந்த இடத்தில் நமக்கு ரொம்பச் சௌகரியமாகப் போய்விட்டது.

மறுபடி மணிக்கு வருகிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். அங்கே கிடைத்த கண்ணாடி மணிகள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன; பல, கடுகு மிளகு அளவே. என்னைப் போலக் கம்பியில் சுற்றிச் செய்யும் முறை அல்ல அது. கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடு காட்டி விளிம்பை மழுக்கியிருக்கிறார்கள். அவ்வளவு சிறியதில் உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒன்றாகவே ஆறிவிடும். இறுக்கம் பெரிதாக நிற்க இடமில்லை. பெரிய மணி செய்பவர்களுக்குத்தான் சூளைச் செலவும் கவலையும்.

கடைசியாக, மணி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலைப்பாட்டைப் பார்ப்பதற்கு முன் சூளையில் ஆற்றியதா என்று விற்பவரைக் கேளுங்கள். வெர்மிகுலைட்டில் புதைத்து ஆறவைத்தேன் என்று சொன்னால் அது மெதுவாக ஆறியது, அவ்வளவுதான். இறுக்கம் தளர்ந்ததாக ஆகாது. நிறமற்ற மணியோ ஒளி ஊடுருவும் மணியோ என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியே பார்த்தபடி, திரை இருண்டு போகும்வரை கண்ணாடியைத் திருப்புங்கள். நடுவில் மணியைப் பிடியுங்கள். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெய் விட்டு அதில் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவு. துளையைச் சுற்றி வெளிச்சத் திட்டுகள் பளிச்சென்று தெரிந்தால் உள்ளே இறுக்கம் இருக்கிறது. ஒளி புகாத மணியில் இந்தச் சோதனை பலிக்காது. அங்கே செய்தவரைத்தான் கேட்க வேண்டும்.