சாமி படம் அச்சான பேப்பர்

வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் நாளிதழின் முதல் பக்கத்தில் பெருமாள் சேவை சாதிக்கிறார். அந்தத் தாளைச் செருப்பு அலமாரியில் விரிக்கலாமா?

காகிதம் காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் வழக்கம், அது சரஸ்வதி. யூதர்களும் இறைவன் பெயர் எழுதிய தாளை எறிவதில்லை. கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அப்படிச் சேர்ந்திருந்த ஏடுகளை யூத அறிஞர் சாலமன் ஷெக்டர் 1897இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அவற்றில் வணிகக் கடிதங்களும் கடைக்கணக்குகளும்கூட இருந்தன.

பக்தி என்பது பயன்படுத்தாமல் ஒதுக்குவது மட்டுமல்ல, வீணாக்காமல் இருப்பதும்தான்.

படமில்லாத தாளைக் கசக்கி நனைந்த ஷூவுக்குள் திணித்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஜன்னல் கண்ணாடியும் துடைக்கலாம். வடையின் எண்ணெயை ஒற்ற மட்டும் வேண்டாம்: அச்சு மை உணவில் கலக்கும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது. பெருமாள் படம் வந்த பக்கத்தைப் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டையாகப் போடலாம்.